ஊரிலிருந்து பிரிந்த ஆலை: வட தமிழகத்தில் தொழிற்சங்கங்களின் சரிவும் தொழிலாளர் நிலையும்

தனித்து நின்றால் நிர்வாகத்திடம் பேரம் பேச இயலாத தொழிலாளர்கள், கூலி, வேலைநேரம், பாதுகாப்பு ஆகியவை குறித்து ஒரே குரலில் பேசுவதற்கென அமைத்துக்கொள்ளும் நிலையான அமைப்பே தொழிற்சங்கம். அவ்வாறு பேசி உடன்பாடு காண்பது கூட்டுப் பேரம் எனப்படும். இவ்வமைப்பு உலகின் பல நாடுகளில் கடந்த நாற்பது ஆண்டுகளாக மெலிந்து வருகிறது. அமெரிக்காவில் 1983இல் ஊதியம் பெறுவோரில் 20.1 விழுக்காட்டினர் சங்க உறுப்பினராக இருந்தனர். 2024இல் அவர்கள் 9.9 விழுக்காட்டினரே. உலகச் சந்தைப் போட்டியும் இயந்திரமயமாதலும் இச்சரிவுக்குக் காரணங்களாகப் பொதுவாகக் கூறப்படுகின்றன. அவை பொய்யல்ல, ஆயினும் வட தமிழகத்தைப் பொறுத்தவரை அவை முழு விளக்கமாகா. இங்குத் தொழிலாளி வாழும் இடமும் உழைக்கும் இடமும் பிரிக்கப்பட்டமையும், ஒரே கூரையின்கீழ் உழைப்போர் பல்வகை ஒப்பந்தங்களால் பிரிக்கப்பட்டமையுமே சங்கங்கள் மெலிந்ததற்கு முதன்மைக் காரணங்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். இவ்விரு பிரிவினைகளையும் ஆலைவாயிலில் நின்று நோக்குவதைவிட, விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியை அடுத்துள்ள வல்லம் ஒன்றியம் போன்ற, உழைப்பை வெளியே அனுப்பும் ஊர்களிலிருந்து நோக்குவது தெளிவு தரும்.

ஆலையும் குடியிருப்பும்

சென்னை பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோர் அதன் முன்னோடிகள். ஆலையைச் சுற்றிய தெருக்களிலேயே தொழிலாளர்கள் குடியிருந்தமையால், வேலைமுறை முடிந்த பின்னரும் அவர்கள் ஒருவரையொருவர் காண முடிந்தது. கூட்டம் கூடவும் சந்தா திரட்டவும் வேலைநிறுத்தக் காலத்தில் கடனுக்கு அரிசி பெறவும் அக்குடியிருப்பே களமாக இருந்தது. ஆலை நிர்வாகம் தொடுத்த வழக்கில் வாடியா உள்ளிட்டோருக்கு உயர் நீதிமன்றம் தடையாணை பிறப்பித்ததும், அதனை அடுத்து எழுந்த விவாதமுமே, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பளித்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலின.

எனினும் குடியிருப்பு ஒற்றுமையை மட்டும் தந்ததென்று கொள்வதற்கில்லை. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குத் திரும்பியதை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. சாதியால் பிரிந்த சேரியும் தெருவும் சங்கத்தையும் பிரித்தன என்பதையும், அப்பிளவை ஆற்றாத சங்கம் போராட்டத்தில் தோற்றது என்பதையும் அந்நிகழ்வு காட்டுகிறது.

செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியிலும் ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே இதே உறவைக் காணலாம். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் படையினர் சுட்டதில், போராடிய பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் உயிரிழந்தனர்; வ. சுப்பையா முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக 1937இல் எட்டு மணிநேர வேலை சட்டமாயிற்று. அந்நகரின் முதலியார்பேட்டைப் பகுதியின் தெருக்களும் ஆலைகளும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தமையே அப்போராட்டத்தின் வலிமை. அத்தகைய ஆலைகள் இன்று இல்லை: பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளான சென்னையின் பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது, புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020இல் மூடப்பட்டது.

புதிய தொழிற்பகுதியும் வல்லம் போன்ற ஊர்களும்

பஞ்சாலைகள் மறைந்த அதே காலத்தில் திருப்பெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் ஆகிய இடங்களில் வாகன, மின்னணு ஆலைகள் பெருகின. எனவே தொழில் அழிந்தது, அதனால் சங்கமும் அழிந்தது என்று கூறுவது பொருந்தாது. தொழில் வளர்ந்த இடத்திலேயே சங்கம் வளரவில்லை என்பதே விளக்கம் வேண்டும் செய்தி. இவ்வாலைகள் தம் தொழிலாளர்களைப் பெரிதும் அண்டைத் தெருக்களிலிருந்து திரட்டவில்லை. ஏரியையும் கிணற்றையும் மழையையும் நம்பிய வேளாண்மை முழு ஆண்டுக்கும் வேலை தராத உள்மாவட்டங்களிலிருந்து திரட்டின. வல்லம் அத்தகைய ஒன்றியங்களுள் ஒன்று. சிறுநிலமோ நிலமின்மையோ உள்ள குடும்பத்தின் இளையோர், செஞ்சி, திண்டிவனம் வழியே சென்னையின் புறநகருக்குச் செல்கின்றனர். அங்கு வாடகை அறையிலோ விடுதியிலோ தங்கி, நிறுவனப் பேருந்தில் ஆலைக்குச் சென்று, அதே பேருந்தில் திரும்புகின்றனர்.

இவ்வேற்பாட்டில் தங்குமிடமும் வேலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. வேலை போனால் படுக்கையும் போகும். 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் மின்னணு ஆலையொன்றின் பெண் தொழிலாளர் விடுதியில் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவி, பெண்கள் திரண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். செய்தியை உறுதிசெய்யவும் நிர்வாகத்திடம் பேசவும் அவர்கள் நம்பத்தக்க சங்கம் இல்லாதபோது, குறை முறையீடாகச் செல்லாமல் மறியலாக வெடித்தது. சங்கமின்மை அமைதியைத் தரும் என்ற கருத்துக்கு இந்நிகழ்வே மறுப்பாகும். அதன் பின்னர் ஒரகடத்தை அடுத்த வல்லம்–வடகால் (இது செஞ்சியை அடுத்த வல்லம் அன்று) தொழிற்பூங்காவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் கட்ட, அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தங்கும் வசதி மேம்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் வசதி வேறு, பேசும் உரிமை வேறு.

ஒரே கூரை, பல ஒப்பந்தங்கள்

இரண்டாம் பிரிவினை ஆலைக்குள் நிகழ்ந்தது. ஒரே உற்பத்தி வரிசையில் நிரந்தரத் தொழிலாளி, இடைநிலை ஒப்பந்ததாரர் வழியே வரும் ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர் எனப் பலர் அருகருகே நிற்கின்றனர். அவர்களின் ஊதியமும் முதலாளியும் வெவ்வேறு. இந்தியாவின் ஆண்டுத் தொழில் ஆய்வின்படி, தொழிற்சாலைத் தொழிலாளருள் ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு 2000ஆம் ஆண்டையொட்டி ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக இருந்து, அண்மை ஆண்டுகளில் ஐந்தில் இரண்டாக உயர்ந்துள்ளது. வேலை நாளை இருக்குமா என்பதே உறுதியில்லாதவர் சங்கத்தில் சேரத் தயங்குவது இயல்பு.

சட்டமும் இதற்குத் துணைநின்றது. 1926ஆம் ஆண்டின் சட்டம் சங்கத்தைப் பதிவுசெய்ய வழிவகுத்ததேயன்றி, பதிவான சங்கத்தை அங்கீகரித்து அதனுடன் பேசியே ஆகவேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. பதிவே போராட்டமாகும் நிலையும் உண்டு: சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று அவர்களின் சங்கத்தைப் பதிவுசெய்வதும் அங்கீகரிப்பதுமே; உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின், 2025 ஜனவரியில்தான் அது பதிவாயிற்று. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 51 விழுக்காட்டுத் தொழிலாளரின் ஆதரவுள்ள சங்கத்தைப் பேரம் பேசும் ஒரே சங்கமாக ஏற்கச் செய்கிறது; இது முன்னேற்றமே. ஆனால் அதே சட்டம் எல்லா நிறுவனங்களிலும் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. ஆலையை மூடவும் ஆட்குறைப்புச் செய்யவும் அரசின் முன்அனுமதி பெறவேண்டிய எல்லையை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்துகிறது. குறித்தகால வேலையையும் முறைப்படுத்துகிறது. பேசும் உரிமையை ஒரு கையால் அளித்து, பேச்சுக்குப் பின்னிற்கும் வலிமையை மறுகையால் குறைப்பதாகவே இத்தொகுப்பை மதிப்பிட வேண்டியுள்ளது.

விளைவுகள்

சரிவின் விளைவு முதலில் ஊதியத்தில் தெரிகிறது. அமைப்புசார் தொழிற்சாலைகள் உருவாக்கும் நிகர மதிப்புக் கூட்டலில், அதாவது உற்பத்தியின் மதிப்பிலிருந்து மூலப்பொருள் முதலிய செலவும் தேய்மானமும் நீங்கலாக எஞ்சிய மதிப்பில், தொழிலாளர் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்தது. 2000களின் பிற்பகுதியில் அது 10 விழுக்காட்டை ஒட்டி இறங்கி, பின்னர்ச் சற்றே உயர்ந்தது. இயந்திர முதலீடு பெருகியதும் இதற்குக் காரணமே. ஆயினும் உற்பத்தித்திறன் உயர்ந்ததன் பயனைப் பங்கிடக் கேட்கும் அமைப்பு மெலிந்ததை ஒதுக்கிவிட்டு இவ்வீழ்ச்சியை விளக்க இயலாது.

அடுத்த விளைவு ஊரைச் சேர்கிறது. பயிற்சிக் காலமோ ஒப்பந்தமோ முடிந்ததும் இளையோர் பலர் சேமிப்பும் நற்சான்றும் இன்றி ஊர் திரும்புகின்றனர்; விபத்தில் காயமுற்றவரின் பராமரிப்பும், வேலையிழந்தவரின் கடனும் குடும்பத்தின்மீது விழுகின்றன. சங்கம் இருந்த காலத்தில் ஆலை ஏற்ற செலவின் ஒரு பகுதியை இன்று வல்லம் போன்ற ஊர்களின் வேளாண் குடும்பங்கள் ஏற்கின்றன.

எதிர்வாதம்

சங்கங்கள் முதலீட்டை விரட்டும் என்பது வலுவான எதிர்வாதம். திமோத்தி பெஸ்லியும் ராபின் பர்ஜஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, தொழிலாளர்க்கு ஆதரவாகச் சட்டம் திருத்திய இந்திய மாநிலங்களில் ஆலை உற்பத்தி பின்தங்கியதென முடிவுகண்டது; அதன் வகைப்பாட்டு முறையை ஆதித்ய பட்டாசார்ஜி விரிவாக மறுத்துள்ளார். இவ்விவாதம் எவ்வாறு முடிந்தாலும், அது நோக்கியது பணிப் பாதுகாப்புச் சட்டங்களையும் தகராறுத் தீர்வு நடைமுறையையுமே. தொழிலாளர் கூடிப் பேசும் உரிமை தீங்கானது என்ற முடிவு அதிலிருந்து பிறப்பதில்லை.

சங்கங்களின் குறைகளை மறைப்பதும் நேர்மையாகாது. கட்சிவாரியாகப் பிளவுண்டு, நிரந்தரத் தொழிலாளரை மட்டும் காத்து, பெண்களையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் நெடுங்காலம் புறத்தே நிறுத்திய சங்கங்கள், தம் சரிவுக்குத் தாமும் காரணமாயின.

முடிவுரை

ஊரும் ஆலையும் பிரிந்தமையே நோயெனில், மருந்தும் அவ்விரண்டையும் இணைப்பதாக இருக்கவேண்டும். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்வழி அமைந்த நல வாரியங்களில் கட்டுமானத் தொழிலாளர்களைப் பதிவுசெய்ய உதவுவதால், சங்கங்களுக்கு ஊர்ப்புறத்தில் இன்றும் தொடர்பு உண்டு. அத்தொடர்பை ஆலைத் தொழிலாளருக்கும் விரித்து, செஞ்சி, வல்லம் போன்ற ஒன்றியங்களில் கிளைகள் அமைத்து, வேலைக்குப் புறப்படுமுன்பே ஒப்பந்தத்தைப் படித்து விளக்குவதும், திரும்பி வந்தோரின் நிலுவையைக் கேட்டுப் பெறுவதும் சங்கங்களின் கடமை. சங்கப் பதிவுக்குக் கண்டிப்பான காலவரையறை, நிர்வாக அனுமதியின்றி விடுதிகளில் சங்கத்தினர் தொழிலாளரைச் சந்திக்கும் உரிமை, ஒப்பந்தத் தொழிலாளரையும் பயிற்சியாளரையும் உள்ளடக்கிய கூட்டுப் பேரம் ஆகியவற்றைச் சட்டமாக்குவது அரசின் கடமை. பெரம்பூரிலும் முதலியார்பேட்டையிலும் குடியிருப்பு தானாகவே அளித்த ஒற்றுமையை இனி முயன்றே உருவாக்கவேண்டும். அம்முயற்சி ஆலைவாயிலோடு நின்றுவிடாமல் தொழிலாளியின் ஊர்வரை செல்லும்போதுதான், தொழில்வளர்ச்சி தரும் செல்வத்தில் அவ்வூருக்கும் உரிய பங்கு கிடைக்கும்.