கவசத்தைத் தின்ற பொம்மை

என் புத்தக அலமாரியில் இரண்டு பிளாஸ்டிக் பொம்மைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று, நாலு சென்டிமீட்டர் உயரக் கவச வீரன். ஓங்கிய வாள், கையால் வண்ணம் தீட்டிய கேடயம். இன்னொன்று என்ன பிராணி என்றே சொல்ல முடியாத ஜந்து. ஆமை மாதிரி முதுகு, வால் நுனியில் விமான விசிறி மாதிரி ஏதோ ஒன்று. வயிற்றில் ‘ஹாங்காங்’ என்று பொறித்திருக்கிறது. வீரனை வாங்க ஒரு மாதம் காசு சேர்த்தேன். ஜந்துவைத் தேட மூன்று வருஷம் ஆனது.

வீரனின் பூர்வீகம் சுலபம். அவன் எலாஸ்டோலின். ஜெர்மனியில் ஹவுசர் குடும்பம் 1904இல் தொடங்கிய நிறுவனத்தின் பொம்மை வகை அது. முதலில் மரத்தூளையும் பசையையும் வெண்களிமண்ணையும் பிசைந்து, கம்பிக்கூட்டின் மேல் வைத்து அச்சில் அழுத்திச் செய்தார்கள். 1930களில் அதே ஆலையிலிருந்து ஹிட்லர் பொம்மைகளும் வந்தன என்பதைச் சேகரிப்பாளர்கள் கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொல்வோம். போருக்குப் பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ரோமானியர்கள், நார்மன்கள், முற்றுகைக் கோபுரங்கள் என்று ஒரு மத்தியகாலமே விற்பனைக்கு வந்தது. 1983இல் கம்பெனி மூடப்பட்டது. ஆனால் கேட்லாக் இருக்கிறது, எண் இருக்கிறது. என் வீரனுக்கு ஜாதகமே உண்டு.

ஜந்துவின் கதை அப்படி இல்லை. அதற்கு நாம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூருக்குப் போகவேண்டும். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் வீட்டு நிலவறையில் ஒரு மணல்மேஜை வைத்து, நண்பர்களோடு போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். 1971இல் ஜெஃப் பெரனும் அவரும் சேர்ந்து ‘செயின்மெயில்’ என்ற விதிநூலை வெளியிட்டார்கள். மத்தியகாலப் போருக்கான விதிகள். கடைசியில் ஒரு பின்னிணைப்பு: டிராகன், ராட்சதர்கள், மந்திரவாதிகள்.

மேஜையில் மனிதர்களாக நிற்க எலாஸ்டோலின் வீரர்கள் இருந்தார்கள். டிராகனுக்கு எங்கே போவது? அப்போது அந்த மாதிரி பொம்மைகள் கடையில் கிடையாது. கைகாக்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டெகோசாரஸை எடுத்து வெட்டி ஒட்டி டிராகனாக்கினார். மற்ற பூதங்களுக்காக, சில்லறைக் காசுக்குச் சாமான் விற்கும் மலிவுக் கடைகளில் அலைந்தார். அப்படி ஒருநாள் சிக்கியதுதான் ‘வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்’ என்ற ஹாங்காங் பொம்மைப் பை. அதற்குள் இருந்தவற்றில் பல எந்த வரலாற்றுக்கு முன்னும் இருந்ததில்லை. 1966இல் வந்த ‘அல்ட்ராமேன்’ போன்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களின் பூதங்களோடு சிலவற்றை ரசிகர்கள் ஒப்பிடுகிறார்கள்.

பெயரில்லாத ஜந்துக்களுக்கு விளையாட்டு பெயர் வைத்தது. 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூலில், அலகு முளைத்த ஒரு பொம்மை ஆந்தைக்கரடி ஆனது. விசிறிவால் ஜந்து ரஸ்ட் மான்ஸ்டர் ஆனது. அது தொட்டால் இரும்பு துருவாகிவிடும். அந்தத் துருதான் அதற்குச் சாப்பாடு. இன்னொன்றை, அதன் வடிவத்தைப் பார்த்து ‘புல்லட்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிம் காஸ்க் அதை நிலத்துக்கடியில் நீந்தும் சுறாவாக்கி, 1976இல் ‘தி டிராகன்’ முதல் இதழில் எழுதினார்.

எனக்கு ரஸ்ட் மான்ஸ்டர்தான் பிடிக்கும். காரணம் ரொம்ப எளிது. வாளுக்கும் நெருப்புக்கும் அஞ்சாத கவச வீரன், இதைப் பார்த்தால் ஓடுவான். உயிர் போய்விடும் என்று இல்லை, கவசம் போய்விடும் என்று. ஜாதகம் உள்ள ஜெர்மன் வீரனை, ஊர்பேர் தெரியாத ஒரு பை பொம்மை நிராயுதபாணி ஆக்குகிறது.

ஊர்தான் தெரியுமே என்பீர்கள். ஊர் தெரியும், ஆள் தெரியாது. அறுபதுகளின் ஹாங்காங்கில் பிளாஸ்டிக் பொம்மை பெரிய தொழில். ஆலை வேலையில் ஒரு பகுதி வீடுகளுக்கும் போனது. அம்மாவும் பிள்ளைகளும் குடியிருப்பின் ஒற்றை அறையில் உட்கார்ந்து பொம்மைக்கு வண்ணம் பூசினார்கள், பாகங்களைப் பொருத்தினார்கள். அவர்களில் யாரோ ஒருவர், அல்லது ஒரு அச்சுக்கலைஞர், ‘இந்த வாலில் விசிறி வைப்போமே’ என்று நினைத்திருக்கிறார். அவசரத்திலா, விளையாட்டாகவா, அறியாமலா? அந்த ஒரு நினைப்பு இன்றைக்கும் புதுப்புது பதிப்புகளில் அச்சாகிறது. கைகாக்ஸின் பெயரும் காஸ்கின் பெயரும் விளையாட்டு வரலாற்றில் இருக்கின்றன. அந்த விரல்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மூன்று வருஷமாக நான் தேடியது பொம்மையை மட்டும்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. வயிற்றைப் புரட்டி அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம், கீழே இன்னொரு வரி இருக்கும் என்று ஒரு நப்பாசை.

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். ஆறு வயது. நேராக ஜந்துவைத்தான் எடுத்தாள்.

“மாமா, இது பேரு என்ன?”

ரஸ்ட் மான்ஸ்டர் என்று வாய் வரைக்கும் வந்தது. “நீயே சொல்லேன்” என்றேன்.

ரொம்ப நேரம் யோசித்தாள். “ஃபேன் பூனை.”

சேகரிப்பாளனாக நான் பதறியிருக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக், அந்த வால் எப்போது வேண்டுமானாலும் முறியலாம். ஆனாலும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க ஃபேன் பூனை என் விலையுயர்ந்த வீரனைத் தரையெல்லாம் துரத்திக்கொண்டிருந்தது.