ஆப்பும் கட்டைவிரலும்

1860 மே 20, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் முன்னர்தான் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடு ஆபிரகாம் லிங்கனைக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான தன் வேட்பாளராகத் தெரிந்தெடுத்திருந்தது. லெனர்ட் வோல்க் என்னும் சிற்பி, ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் லிங்கனின் வீட்டுக்கு வந்து அவருடைய இரு கைகளுக்கும் சாந்தில் அச்சு எடுத்தார். வாழ்த்த வந்த கூட்டத்தோடு ஓயாமல் கைகுலுக்கியதில் லிங்கனின் வலக்கை வீங்கிப்போயிருந்தது. கையில் எதையேனும் பற்றிக்கொண்டால் அச்சு நன்கு அமையும் என்று சிற்பி சொல்ல, லிங்கன் விறகுக் கொட்டகைக்குப் போய் ஒரு துடைப்பக் கழியைத் துண்டாக அறுத்து, முனையைக் கத்தியால் சீவியபடியே திரும்பி வந்தார். அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை என்று வோல்க் சொன்னதற்கு, நேர்த்தியாக இருக்கட்டுமே என்றாராம்.

இடக்கையின் கட்டைவிரலில் ஒரு தழும்பு இருப்பதைச் சிற்பி கவனித்து விசாரித்தார். அதற்கு லிங்கன் அளித்த விடையை வோல்க் 1881-இல் எழுதிய நினைவுக் கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். வேலிக்கழி பிளந்தவன் என்று தன்னை எல்லோரும் சொல்வது உண்மைதான். ஒருநாள் கட்டையின்மேல் வைத்து ஆப்பு ஒன்றைச் சீவுகையில் கோடரி வழுக்கிவந்து கட்டைவிரலைக் கிட்டத்தட்டக் கொண்டே போய்விட்டது. அந்தத் தழும்புதான் இது என்பது அவ்விடையின் சாரம்.

மரம் பிளப்போர் படும் சிறு காயங்களுக்கு வரலாற்றில் பதிவு அரிது. கட்சி வேட்பாளரின் விரல் என்பதால் இந்த ஒரு காயம் தப்பிப் பிழைத்திருக்கிறது. நான் இங்கே நிற்க விரும்புவது இன்னொரு செய்தியில். காயம் பட்டது மரத்தைப் பிளக்கும்போது அன்று. பிளப்பதற்கான ஆப்பைச் சீவும்போது. ஓங்கி அடிக்கும் பேரடியில் தப்பியவர், மடிமேல் வைத்துச் செய்யக்கூடிய சில்லறை வேலையில் விரலை இழக்கப் பார்த்திருக்கிறார்.

தேர்தல் மேடைக்கு இந்தச் செய்தி பயன்படவில்லை. சிகாகோவுக்குச் சில நாட்கள் முன்பு, இல்லினாய் மாநிலத்தின் டெக்கேட்டரில் நடந்த கட்சி மாநாட்டில், லிங்கனின் தாய்வழி உறவினரான ஜான் ஹேங்க்ஸ் இரண்டு பழைய வேலிக்கழிகளைத் தூக்கிக்கொண்டு அரங்குக்குள் நுழைந்தார். 1830-இல் பிளந்த மூவாயிரம் கழிகளுள் இவை இரண்டு என்று அவற்றோடு கட்டிய பதாகை அறிவித்தது. அரங்கம் ஆர்ப்பரித்தது. இவற்றைத் தானே பிளந்ததாக உறுதி கூற இயலாது, ஆனால் இவற்றினும் நல்ல கழிகளைப் பிளந்ததுண்டு என்ற பொருளில் லிங்கன் பேசினார். அன்று முதல் அவர் ‘ரெயில் ஸ்பிளிட்டர்’ ஆனார். (ரெயில் என்றதும் நமக்கு இருப்புப்பாதை நினைவுக்கு வரும். அங்கே அது வேலிக்கு அடுக்கும் நீண்ட கழி.) இதை ஒட்டி அச்சான படங்களிலெல்லாம் கட்டுமஸ்தான ஒருவன் கோடரியோடும் கொட்டாப்புளியோடும் நிற்கிறான். அவன் விரலில் ஒரு கட்டுத்துணியைக் கூட எந்த ஓவியனும் வரையவில்லை.

1816-இல் குடும்பம் இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தபோது லிங்கனுக்கு வயது ஏழு. வயதுக்கு மீறி வளர்ந்திருந்ததால் உடனே தன் கையில் கோடரியைக் கொடுத்துவிட்டார்கள் என்றும், இருபத்துமூன்று வயதுவரை அது பெரும்பாலும் கையைவிட்டு நீங்கவில்லை என்றும் 1860-இல் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில் அவர் கூறுகிறார். ஏழு வயதுக் குழந்தை, கையில் கோடரி. அக்காலக் காட்டெல்லையில் இது யாருக்கும் வியப்பளித்திராது.

வேலிக்கழி பிளப்பது எப்படி என்று பார்த்தால் அந்தத் தழும்பின் காரணம் விளங்கும். மரத்தை வீழ்த்திப் பத்துப் பதினோரு அடி நீளத் துண்டுகளாக்குவார்கள். துண்டின் ஒரு முனையில் இரும்பு ஆப்பை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால் வெடிப்பு விழும். அது மரத்தின் நார் போகும் போக்கில் மெல்ல நீளும். வெடிப்பு வாய் திறந்த இடத்தில் அடுத்த ஆப்பு. அது இறங்கியதும் முந்தையது தளர்ந்துவிடும், அதை எடுத்து மேலும் தள்ளி இறக்குவார்கள். இரும்பு ஆப்பு விலை மிக்கது. ஆளுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மீதியெல்லாம் கடினமான மரத்தில் அவரவரே சீவிக்கொள்ளும் மர ஆப்புகள். அடிபட்டு அடிபட்டு அவை நைந்துபோகும்; ஆகவே வேலையின் நடுநடுவே புதிது சீவிக்கொண்டே இருக்க வேண்டும்.

சீவும்போது ஒரு கை ஆப்பைப் பிடித்திருக்கும். மறுகை கோடரியைக் கழுத்தருகே பற்றிச் சிறு வெட்டுகளாகப் போடும். கடினமான மரத்தில், அதுவும் கணு உள்ள இடத்தில், கூர் மழுங்கிய கோடரி இறங்காது; வழுக்கும். வழுக்கினால் அது போய்ச் சேரும் இடம் பிடித்திருக்கும் விரல்தான். விவிலியத்தின் பிரசங்கி நூல் மரம் பிளப்பவனுக்கு அதனால் இடருண்டு என்று சொன்ன கையோடு, அடுத்த வசனத்திலேயே மழுங்கிய இரும்பைப் பற்றிப் பேசுகிறது. உரைகாரர்கள் அதில் ஞானத்தின் உருவகத்தைக் காண்கிறார்கள். எனக்கென்னவோ எழுதியவர் ஒரு முறையாவது விறகு பிளந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அடுப்பெரிக்கச் சிறு சுள்ளி பிளப்பவர்களுக்கு இன்றும் சொல்லப்படும் அறிவுரை இதுவே: துண்டை விரலால் பிடிக்காதே, இன்னொரு குச்சியால் தாங்கிப் பிடி.

சிறு காயம் என்று எளிதாக எழுதிவிட்டேன். அக்காலத்தில் எது சிறு காயம்? ஹென்றி டேவிட் தோரோவின் அண்ணன் ஜான், 1842-ஆம் ஆண்டின் முதல் நாள் சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டுகையில் விரல் நுனியில் லேசாகக் கீறிக்கொண்டார். சில நாட்களில் தாடை இறுகியது. ஜனவரி 11 அன்று, இருபத்தாறு வயதில், இரணஜன்னி கண்டு தம்பியின் கைகளில் உயிர்நீத்தார். அந்நோய்க்கான தடுப்பூசி 1920-களில்தான் உருவாகி, இரண்டாம் உலகப் போரில் பரவலாயிற்று. நகக்கண்ணில் ஏறிய சிராயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரும் அலட்சியம் மிக அண்மையில் மனிதனுக்குக் கிட்டிய வசதி. மண்ணில் கிடந்த கட்டையை மண்படிந்த கோடரியால் பிளந்த தலைமுறைகள் ஒவ்வொரு கீறலுக்கும் பின் ஒரு வாரம் காத்திருந்து பார்க்க வேண்டியிருந்தது. லிங்கனின் கட்டைவிரல் அப்படி ஒரு வாரத்தைக் கடந்து வந்ததுதான்.

மரம் பிளப்பதில் பேரிடர்கள் இரண்டு: கோடரித் தலை கழன்று பறப்பது, ஆப்பு நழுவுவது. இவ்விரண்டும் மட்டும் பழைய நூல்களில் ஏறிவிட்டன, உயிரைக் கொள்வதால்.

முதலாவது சட்டமாக நிற்கிறது. உபாகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தில், அடைக்கலப் பட்டணங்கள் எதற்கு என்று விளக்க ஓர் உதாரணம் தேவைப்படுகிறது. பகையில்லாமல் கைப்பிசகால் நேரும் கொலைக்கு ஆயிரம் உதாரணம் காட்டலாம். நூல் தேர்ந்தெடுப்பது விறகு வெட்ட இருவர் சேர்ந்து காட்டுக்குப் போனதையும், ஓங்கிய கோடரியின் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று மற்றவன்மேல் விழுந்ததையும். அக்காலக் கேள்வியாளர்களுக்கு இதைவிடப் பழக்கமான விபத்து வேறில்லை என்றுதானே இதற்குப் பொருள்? ஓங்கியவன் கொலையாளி அல்லன். பழிவாங்க வருவோரிடமிருந்து ஓடி ஒளிய அவனுக்கு ஒரு பட்டணம் உண்டு. தலை தளர்ந்திருந்ததை அவன் முன்பே பார்த்திருக்க வேண்டாமா என்ற கேள்வியைச் சட்டம் எழுப்பவில்லை.

தளர்ந்த தலையை இறுக்குவது பற்றி வால்டன் நூலின் முதல் அதிகாரத்தில் ஓர் இடம் வருகிறது. தோரோவின் கோடரித் தலை கழன்றுவிட, பச்சை ஹிக்கரி மரத்தில் ஆப்பு சீவிக் கல்லால் அடித்து இறக்கி, மரம் ஊதட்டும் என்று குளத்து நீரில் முழுதுமாக ஊற வைக்கிறார். அப்போது நீருக்குள் புகும் பாம்பைப் பார்த்து அவர் சிந்தனை வேறெங்கோ செல்கிறது. வாசகனும் பின்னாலேயே போய்விடுகிறான். ஆனால் கைவினைஞர் எவரும் இதை ஒப்பமாட்டார்கள். ஊறிய மரம் இரும்புத் துளைக்குள் விரிய இடமின்றித் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். உலர்ந்தபின் முன்னிலும் தளர்ந்துபோகும். பச்சை மரத்து ஆப்போ உலர உலரச் சுருங்கும். அன்றைய வேலை முடியும். அடுத்த வாரம் தலை மறுபடி ஆடும். இலக்கியத்தில் தோரோவுக்கு என் வணக்கம். அவர் கோடரி ஓங்கும்போது பக்கத்தில் நிற்கச் சம்மதியேன்.

இதற்குத் தீர்வு கருவியின் வடிவிலேயே இருக்கிறது. குந்தாலியின் காம்பு ஒரு முனையில் பருத்திருக்கும். மெல்லிய முனையைத் துளைக்குள் விட்டு இழுத்தால் தலை பருத்த முனையில் வந்து தங்கும். வீச வீச அது இறுகுமே தவிரக் கழன்று பறக்காது. பிளக்கும் கோடரிகள் பலவற்றில் காம்பு கீழிருந்து ஏறி, மேலே அடித்த ஆப்பு ஒன்றின் தயவில் நிற்கிறது. ஆகவே வேலை தொடங்குமுன் தலையை ஆட்டிப் பார்ப்பது முதல் கடமை.

இரண்டாவது இடர் கதையாயிற்று. பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்தில் கரடகன் தமனகனுக்குச் சொல்வது இது. கோயில் கட்டும் தச்சர்கள் பாதி பிளந்த மரத்தில் ஆப்பை இறக்கிவிட்டு மதிய உணவுக்குப் போகிறார்கள். குரங்கொன்று வெடிப்புக்குள் உடல் தொங்க உட்கார்ந்து ஆப்பை அசைத்துப் பிடுங்க, மரம் மூடிக்கொள்கிறது. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826-இல் அச்சானதற்கு வெகு முன்பே ஆப்பசைத்த குரங்கு தமிழில் பழமொழியாகிவிட்டது. கிரேக்கர்கள் இதே விபத்தை ஒரு மல்லனுக்கு ஏற்றிச் சொன்னார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டினனான குரோட்டன் நகரத்து மைலோ, ஆப்புகளோடு காட்டில் கிடந்த மரத்தைக் கையாலேயே பிளந்துவிட முயன்றான். ஆப்புகள் நழுவிக் கை சிக்கியது. ஓநாய்கள் தின்றன என்கிறார் பௌசானியஸ். பியர் புஜே 1682-இல் முடித்த சலவைக்கல் சிற்பத்தில் ஓநாய்க்குப் பதில் சிங்கம். அரசனின் தோட்டத்துக்கு ஓநாய் போதாது போலும். சிற்பம் இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரு கதைகளிலும் குற்றம் செத்தவன்மேல் விழுகிறது. ஒன்றில் வீண் தலையீடு, மற்றதில் செருக்கு. வாய் திறந்த மரத்தில் ஆப்பை விட்டுவிட்டு உணவுக்குப் போன தச்சர்களைக் கரடகன் ஒரு சொல் கேட்கவில்லை. இன்றைய தொழிற்சாலையில் விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும். உபாகமத்தின் விறகுவெட்டியிடம் காட்டிய பரிவுகூடக் குரங்குக்குக் கிட்டவில்லை.

மர ஆப்பின் இடத்தில் எஃகு ஆப்பு முழுதாக வந்தபின் மூன்றாவது ஓர் இடர் சேர்ந்தது. இரும்பை இரும்பால் அடிக்க அடிக்க ஆப்பின் தலை காளான்போல் விரிந்து விளிம்பு மடிகிறது. அடுத்தடுத்த அடிகளில் அவ்விளிம்பு சில்லாகத் தெறிக்கும், கண்ணை நோக்கி. மர ஆப்பும் மரக் கொட்டாப்புளியும் நைந்துபோகும், சில்லாகத் தெறிப்பதில்லை. பழைய முறையின் ஏழ்மையில் இப்படி ஒரு பாதுகாப்பு ஒளிந்திருந்தது. எஃகு ஆப்பை எடுப்பவர் அதன் விளிம்பை அவ்வப்போது தேய்த்துக் களைய வேண்டும், கண்ணாடி அணிய வேண்டும், கோடரியின் பின்புறத்தைச் சம்மட்டியாக்கி ஆப்பின்மேல் அடிக்கவும் கூடாது.

அகன்ற அடிமரத் துண்டைப் பிளப்போர் முதலில் செய்யும் பிழை அதன் நடுவில் அடிப்பது. கோடரி சிக்கிக்கொள்ளும், சிக்கியதைக் கட்டையோடு சேர்த்துத் தூக்கி அடிக்கப் பார்க்கையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உலர்ந்த வெடிப்பு போகும் போக்கைப் பார்த்து, ஓரத்திலிருந்து பலகை பலகையாகக் கழித்து வந்தால் எத்தனை பெரிய கட்டையும் வழிக்கு வரும். கட்டையை இன்னொரு தாழ்ந்த கட்டையின்மேல் வைத்து, காலை அகட்டி நின்று, அடி இறங்கும்போது முழங்காலையும் மடக்கினால், குறி தப்பிய கோடரி அடிக்கட்டையிலோ மண்ணிலோ இறங்கும். நிமிர்ந்தே நின்று அடித்தால் அது வளைந்து வந்து முழங்காலெலும்பைத் தேடும். இவை யாவும் யாரோ பலருடைய கால்களில் எழுதிப் படித்த பாடங்கள். அந்தக் கால்களுக்கு எவரும் சாந்தில் அச்சு எடுக்கவில்லை.

வோல்க் எடுத்த அச்சுகள் 1888-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தன. லிங்கன் கடைசியாகக் கோடரி பிடித்தது பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1865 ஏப்ரல் 8, சிட்டி பாயிண்ட் படை மருத்துவமனை. ஆயிரக்கணக்கான காயம்பட்ட வீரர்களோடு அன்று அவர் கைகுலுக்கியிருந்தார். கை ஓய்ந்திருக்குமே என்று மருத்துவர் ஒருவர் கேட்க, அருகில் கிடந்த கோடரியை எடுத்துச் சில நிமிடம் மரம் செதுக்கினார். பிறகு காம்பின் நுனியைப் பற்றிக் கையை நேராக நீட்டி, கோடரியை நடுக்கமின்றிக் கிடைமட்டமாகப் பிடித்துக் காட்டினார். அவர் போனபின் தெறித்துக் கிடந்த மரச்சில்லுகளை வீரர்கள் பொறுக்கி வைத்துக்கொண்டார்கள்.