கூரைக் குடிசையில் பிறந்த பேராலயம்

பெங்களூர் வாழ் தமிழராகிய நாம், சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தின் உயர்ந்த கோபுரத்தை அண்ணாந்து நோக்கி வியக்கின்றோம். அதன் தொடக்கமோ ஒரு கூரைக் குடிசை! செஞ்சிப் பகுதியிலிருந்து பிழைப்பு நாடி வந்து, ஊர்ப்புறத்தே பிளாக்பள்ளியில் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் அதனை வேய்ந்தனர் என்பது மரபு.

அங்கே 1803-இல் துபுவா அடிகளார் சிற்றாலயம் ஒன்று எழுப்பினார். 1811-இல் புதுவையிலிருந்து வந்த தமிழ்க்குரு அந்திரேயா அடிகளார் அதனைச் சிலுவை வடிவில் விரித்துக் கட்டினார். இன்றைய கோதிக் ஆலயம் கிளைனர் அடிகளாரின் முயற்சியால் 1875-இல் தொடங்கி, 1882-இல் நிறைவுற்றது. 1974-இல் பசிலிக்கா எனும் சிறப்பும் எய்திற்று.

செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர். கோபுரம் எழுப்பியோரை ஏடுகள் போற்றுகின்றன. கூரை வேய்ந்த ஏழைகளை, அவர்வழிக் குடியேறிய நாம் போற்றுவோமாக!