சொல் கதையான வரலாறு

"அதெல்லாம் வெறும் 'மித்'!" என்கின்றனர் ஆங்கிலம் பயின்ற நண்பர்கள். பொய் என்பதே அவர்கள் கொள்ளும் பொருள். அத்துடன் வாதம் முடிந்ததென்றும் எண்ணிவிடுகின்றனர். அச்சொல் நடந்துவந்த பாதையை அறிவோமானால், வாதம் அங்கேதான் தொடங்குகிறது என்பது விளங்கும்.

கிரேக்க மொழியின் 'மித்தோஸ்' அதற்கு மூலம். ஹோமரின் காவியங்களில் அதன் பொருள் பேச்சு, உரை என்பதே. அவையிலே தலைவன் ஆற்றும் உரையும் மித்தோஸ். அவன் இடும் கட்டளையும் மித்தோஸ். பொய் என்ற கறை அன்று அதன்மீது படியவில்லை.

கறை படிந்தது எப்போது? மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கியபோது! கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பிறந்த செனோபேனிஸ், மாந்தர் தம் சாயலிலேயே கடவுளரைப் படைத்துக்கொண்டனர் என்று எள்ளி நகையாடினார். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், உலகைச் சுற்றி ஓகியானஸ் எனும் ஆறு ஓடுவதாகச் சொல்லப்பட்டதைச் சான்றில்லாத பேச்சென ஒதுக்கினார். அங்கே அவர் ஆண்ட சொல் மித்தோஸ். அவருக்குப் பின்வந்த தூசிடிடிஸ், தம் வரலாற்றில் கதைச்சுவை இல்லாதது செவிக்கு இனிக்காது போகலாம், உண்மை நாடுவோர்க்குப் பயன்பட்டால் போதும் என்றார்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ, ஹோமரின் கதைகள் இளைஞரைக் கெடுக்கும் என்று கடிந்தார். கடிந்தவரே 'குடியரசு' நூலில் ஒரு கதை கட்டினார்! ஆளப் பிறந்தோர்க்குக் கடவுள் பொன்னைக் கலந்தாராம், படைவீரர்க்கு வெள்ளியாம், உழவர்க்கும் தொழிலாளர்க்கும் இரும்பும் வெண்கலமுமாம்! எனினும், பொன்னுக்கு இரும்பும் இரும்புக்குப் பொன்னும் பிறத்தல் உண்டென ஒரு வாயிலைத் திறந்துவைத்தார். நகரின் நலத்துக்கான பொய் இது என்பதையும் மறைக்கவில்லை. முகத்தில் ஒருவன், தோளில் ஒருவன், தொடையில் ஒருவன், பாதத்தில் ஒருவன் என்று பிறப்பைப் பிரித்த நம் நாட்டுக் கதையிலோ அந்த வாயிலும் இல்லை. அந்த ஒப்புதலும் இல்லை!

'புராணம்' என்ற சொல்லுக்குப் பழமை என்பதே பொருள். பழமை என்ற பெயரே பணிவைக் கேட்கிறது. நாம் தருவது பணிவா? பொய்யென்று சொல்லிவிட்டுப் போவதும் போதாது. சொன்னவர் யார்? யாருக்குச் சொன்னார்? ஆதாயம் யாருக்கு? இம்மூன்றையும் கேட்போம். கேளாதவரை, பேச்சு கட்டளையாகவே நிற்கும்; கேட்ட அன்றே, கட்டளை கதையாகும்.