டோட் லேன் கடையின் ஈவுத்தொகை

மான்செஸ்டரில் மகள் வீட்டில் இருந்தபோது எனக்கு ஒரு குளிர்கோட்டு வாங்கினாள். செல்பேசியில் முதலில் ஒரு கேஷ்பேக் தளத்தைத் திறந்தாள். அதில் கடையின் பெயரைத் தொட்டு, அந்த வழியாகவே கடைக்குள் போய்ப் பணம் கட்டினாள்.

"நேரா கடைக்குப் போனா இது கிடைக்காதுப்பா. இப்படிப் போனா நாலு பவுண்டு திரும்பி வரும்."

"எப்பம்மா வரும்?"

"ரெண்டு மூணு மாசம் ஆகும். நாம கோட்டைத் திருப்பி அனுப்பலைன்னு கடைக்காரங்க உறுதி பண்ணணும்ல."

கூட்டுறவுத் துறையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். வாங்கியவருக்கே பணம் திரும்பும் என்றதும் ராச்டேல்தான் நினைவுக்கு வந்தது. துறைப் பயிற்சியில் முதல் பாடமே அந்த ஊர்தான். பாடமாகப் படித்த ஊர் மகள் வீட்டிலிருந்து டிராமில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாளே இருவரும் கிளம்பினோம்.

டோட் லேன், 31ஆம் எண். சின்னச் செங்கல் கட்டடம், இப்போது அருங்காட்சியகம். தெருப் பெயரில் தேரை இருந்தாலும், பழைய தெரு என்பதை லங்காஷயர் மக்கள் பேச்சில் இழுத்துச் சொல்லிச் சொல்லி இப்படி ஆனது என்கிறார்கள். 1844 டிசம்பர் 21, இருட்டிய பிறகு கூட்டுறவுக் கடையாக இந்தக் கதவு திறந்தது. உள்ளே இருந்த சரக்கு 28 பவுண்டு வெண்ணெய், 56 பவுண்டு சர்க்கரை, கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். போட்ட முதல் 28 பவுண்டு பணம். அதைச் சேர்த்தவர்களில் பலர் ஃபிளானல் நெசவாளர்கள். கூலி கேட்டுப் போராடித் தோற்றிருந்த காலம் அது. வாரத்துக்குச் சில பென்ஸ் என்று எடுத்துவைத்துச் சேர்த்த காசு.

அன்றைய கடைகளில் மாவில் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். கடனுக்கு வாங்கிப் பழகிய குடும்பம் அந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போகவும் முடியாது. இவர்கள் இரண்டையும் ஒரே சமயத்தில் அறுத்தார்கள். கலப்படம் கிடையாது, அளவு சரியாக இருக்கும், கடனும் கிடையாது, காசு கொடுத்தால்தான் சரக்கு.

விலையைக் குறைத்து விற்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அங்கேதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஊர் விலைக்கே விற்றார்கள். உறுப்பினர் வாங்கியதெல்லாம் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவு போக, பங்குப் பணத்துக்கு அளவான வட்டி போக, மிஞ்சிய லாபத்தை வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு வீடு பத்து பவுண்டுக்கும் இன்னொரு வீடு ஐந்து பவுண்டுக்கும் வாங்கியிருந்தால், முதல் வீட்டுக்கு இரண்டு மடங்கு. முதல் போட்டவனுக்கே லாபம் என்ற வழக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். இதற்கு முன்னும் ஸ்காட்லாந்தில் சில சங்கங்கள் இப்படிச் செய்ததுண்டு. ஆனால் உலகம் பார்த்துக் கற்றுக்கொண்டது ராச்டேலைத்தான். 1860இல் உறுப்பினர்கள் 3,450 பேர்.

அந்த ஈவுத்தொகையைச் செல்லமாக 'டிவ்வி' என்பார்கள். பிள்ளைகளின் செருப்பு, குளிர்கால உடுப்பு எல்லாம் டிவ்வி வந்த பிறகுதான். பெண்களும் தம் பெயரிலேயே உறுப்பினராக முடிந்தது. மனைவியின் சொத்து மனைவிக்கே என்று இங்கிலாந்தில் முழுமையாகச் சட்டம் வந்தது 1882இல்தான். அதற்கு முன்னரே தன் பெயரில் ஒரு தொகை வைத்திருந்த நெசவாளி வீட்டுப் பெண்ணை நினைத்துக்கொண்டு அங்கே வைத்திருந்த தராசின் முன்னால் சற்று நேரம் நின்றேன்.

பிறகு கடைக்கும் வாங்குபவருக்கும் நடுவில் மூன்றாம் ஆள் ஒருவர் வந்தார். அமெரிக்காவில் 1896இல் ஸ்பெரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் பச்சை முத்திரைத் தாள்களைக் கடைகளுக்கு விற்றது. கடை அதை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும். அவர் புத்தகத்தில் ஒட்டி நிரப்பி அந்த நிறுவனத்திடம் பொருளாக மாற்றிக்கொள்வார். பிரிட்டனுக்கு 1958இல் கிரீன் ஷீல்டு முத்திரைகள் வந்தன. போட்டி தாங்காமல் 1960களின் கடைசியில் கூட்டுறவுக் கடைகளே பழைய டிவ்வியை விட்டு முத்திரைக்கு மாறின. படித்தபோது எனக்கு மனம் வலித்த செய்தி இது.

இணையத்தில் நடப்பது அந்த முத்திரைக் கணக்கின் தொடர்ச்சி. ஆள் அனுப்பி வைப்பவருக்குத் தரகு தரும் திட்டத்தை அமேசான் 1996இல் தொடங்கியது. 1998இல் தோன்றிய ஈபேட்ஸ் என்ற தளம், அந்தத் தரகில் ஒரு பங்கை வாங்குபவருக்கே கொடுத்தது. 2014இல் ஜப்பானின் ரகுடென் அதைச் சுமார் நூறு கோடி டாலருக்கு வாங்கியது. பிரிட்டனில் கேஷ்பேக் தளம் நடத்திப் பழகிய தம்பதி சுவாதி பார்கவாவும் ரோஹன் பார்கவாவும் 2013இல் இந்தியாவில் கேஷ்கரோ என்ற தளத்தைத் தொடங்கினார்கள்.

என் மகளுக்கு வரும் நாலு பவுண்டு உண்மையான பணம். அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. டோட் லேனில் வாங்கியவரே கடைக்குச் சொந்தக்காரர். கணக்கைக் கூட்டத்தில் வாசிப்பார்கள், ஆளுக்கு ஒரு வாக்கு. இன்று விழுக்காட்டை விற்பவர் முடிவு செய்கிறார், நாளைக்கே மாற்றலாம். நாம் வாங்கியதற்கான பதிவும் அவர்கள் கையில். என் மருமகன் ஒருமுறை தொலைக்காட்சி வாங்கியபோது அந்தப் பதிவு விழவில்லை. ரசீதைக் காட்டியும் பணம் வரவில்லை. காரணம் கேட்டு எழுந்து நிற்க அவருக்கு ஒரு கூட்டமும் இல்லை.

ராச்டேல் நமக்கும் அந்நியமில்லை. 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது அந்தக் கடையைப் பார்த்துத்தான். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த ஆண்டு வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. மற்றவற்றுக்கு 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வரட்டும் என்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. டி.யு.சி.எஸ். என்ற அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

உங்கள் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையிலும் உங்கள் வீட்டில் யாராவது உறுப்பினராக இருக்கலாம். பங்குச் சான்றிதழைத் தேடி எடுங்கள். அடுத்த பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள். நிகர லாபப் பிரிவினை என்ற பொருள் வரும்போது, வாங்கியவர்களுக்கு எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள்.