செவிலியரின் பதிவேடும் செவிலியரின் கூலியும்



யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் எகிப்தின் ராஜாவுக்குப் பெயர் சொல்லப்படவில்லை. பார்வோன் என்ற பட்டம் மட்டுமே உண்டு. எபிரெய மருத்துவச்சிகள் இருவரின் பெயர்களோ சிப்பிராள், பூவாள் என்று தெளிவாக எழுதப்பட்டுள்ளன. பிறக்கும் ஆண்பிள்ளைகளைக் கொன்றுவிடும்படி வந்த அரச கட்டளைக்கு அவர்கள் கீழ்ப்படியவில்லை. விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது ராஜாவின் முன் நின்று விடை கூறினார்கள். பிள்ளையை உயிரோடு தாயின் கையில் கொடுப்பதே அவர்களுடைய தொழில்; அரசனை மறுத்ததும் அந்தத் தொழிலைச் செய்ததன் ஒரு பகுதியே. இந்த வாரம் அவ்விருவரின் வழிவந்த செவிலியரைப் பற்றி, நம் திருவள்ளூர் மாவட்டத்தையும் கும்மிடிப்பூண்டியையும் மனத்தில் கொண்டு சிந்திக்க விரும்புகிறேன்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கையில் விளக்கேந்திய உருவமாக அறிவார்கள். அவர் கையில் விளக்கு இருந்த காலம் குறுகியது. பேனா இருந்த காலம் மிக நீண்டது. இந்திய மண்ணில் ஒருநாளும் கால் வைக்காத அவர், இந்தியாவிலிருந்த ராணுவத்தின் சுகாதார நிலையை ஆராய 1859-இல் நியமிக்கப்பட்ட அரச ஆணையத்திற்காக ராணுவ நிலையங்களுக்குக் கேள்விப் பட்டியல்களை அனுப்பி, விடைகளைத் திரட்டி, கணக்கிட்டார். 1863-இல் அறிக்கை வெளிவந்தது. மறு ஆண்டே சென்னை உள்ளிட்ட மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. ஆயிரம் வீரருக்கு ஆண்டுக்கு 69 ஆக இருந்த மரணம் 18 ஆகக் குறைந்தது என்று அவரே 1873-இல் எழுதினார். முதலில் அவர் எண்ணியது வெள்ளைச் சிப்பாய்களின் மரணங்களையே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை விழுங்கிய தாது வருஷப் பஞ்சம் அவரை நம் குடியானவர்களிடம் திருப்பியது. நீர்ப்பாசனம், வட்டிக்கடன், நிலவரி என்று நோயாளியின் படுக்கையிலிருந்து வெகுதூரம் விலகியதாகத் தோன்றும் காரியங்களைப் பற்றியெல்லாம் ஒரு செவிலியர் ஆட்சியாளரோடு வாதாடினார்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளியும், 1946-இல் பட்டப்படிப்பும் தொடங்கின. பிறர் உடலின் கழிவைத் தொடுவது தீட்டு என்று எண்ணிய சமுதாயத்தில் இத்தொழிலுக்குப் பெண்களை அனுப்பப் பல குடும்பங்கள் தயங்கின. அனுப்பத் துணிந்தவற்றுள் கிறிஸ்தவ இல்லங்கள் மிகுதி. 1946-இல் ஜோசப் போர் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, நாடு முழுவதிலும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருப்பதாகவும், 43,000 பேருக்கு ஒருவர் என்பதே நிலை என்றும் கணக்கிட்டது.

இவ்விடத்தில் நம் சபைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செவிலியர் பணியை 'ஊழியம்' என்று அழைத்தவர்கள் நாமே. அது மேன்மையான பெயர்தான். ஆயினும், ஊழியம் செய்பவள் கூலியைப் பற்றிப் பேசலாகாது என்ற எண்ணமும் அப்பெயரோடு சேர்ந்தே வளர்ந்தது. அறுவடை செய்தவர்களின் நிறுத்தி வைக்கப்பட்ட கூலியே ஆண்டவரிடம் முறையிடும் என்று யாக்கோபு எழுதியதை வாசிக்கிற நாம், அதில் மருத்துவமனைகளின் பெயரைச் சேர்த்து வாசித்ததில்லை.

செவிலி என்ற சொல் சங்க இலக்கியத்தில் வளர்ப்புத் தாயைக் குறித்தது. காதலனோடு போய்விட்ட மகளைத் தேடிப் பாலைநிலத்தில் நடந்து செல்பவள் அவள். தேடி நடக்கும் அந்தக் குணத்தை மருத்துவ வரலாற்றில் ஒரு சோதனை வெளிப்படையாக்கியது. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. காசநோயாளிக்குச் சானடோரியமும் நல்ல உணவும் முழு ஓய்வும் தேவை என்பது அக்கால மருத்துவ நம்பிக்கை. மையமோ ஏழை நோயாளிகளுள் ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும், மறுபாதியினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் வைத்துச் சிகிச்சை அளித்தது. பொதுச் சுகாதாரச் செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் அவ்வீடுகளுக்குச் சென்றார்கள், அறிவிக்காமல் சென்று மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள், குடும்பத்தாரோடு பேசினார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகத்தின் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது: வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது, வீட்டிலிருந்தோர்க்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. படுக்கை கிடைக்காத ஏழையும் பிழைக்கலாம் என்பது நிரூபணமாயிற்று. அதை எழுதியவர்களாக மருத்துவர்களின் பெயர்கள் நிற்கின்றன. மாத்திரைகளை எண்ணியவர்களின் பெயர்களை நம்மில் எவரும் அறியோம்.

அதே மையத்தின் தொடர்ச்சியான காசநோய் ஆராய்ச்சி மையம், 1999 முதல் நம் மாவட்டத்தில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை முறையை மாதிரித் திட்டமாக நடத்தியது. நோயாளி ஒவ்வொரு வேளை மருந்தையும் மற்றொருவர் கண்முன் விழுங்க வேண்டும் என்பதே அதன் சாரம். சொல்வதற்கு எளிது. நாள்கூலியை இழந்து மருந்துக்கு வரும் ஒருவரை ஆறு மாதம் விடாமல் வரவைப்பது எளிதன்று.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளைச் சுற்றி வட மாநிலத் தொழிலாளர் ஒரே அறையில் பலராகத் தங்குகிறார்கள். 1990 முதல் ஈழத்தமிழ் அகதிகள் வாழும் முகாமும் இங்குண்டு. மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணத்தால் கட்டுண்டவர்களைச் சூளைகளிலிருந்து அதிகாரிகள் மீட்ட செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆயினும் வெளியாள் எவரும் எளிதில் நுழைய முடியாத சூளைக்குள், கர்ப்பிணியின் பெயரைப் பதிய வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்ற உரிமையோடு செல்லக்கூடியவர் கிராம சுகாதாரச் செவிலியரே. ஒரு தாயின் பெயர் பதிவேட்டில் ஏறிய பின் அவள் அரசின் கண்ணுக்குத் தெரியாதவள் அல்லள். அவளுக்குப் பிக்மி எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டே பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழும் பெறலாம். கொடி பிடிப்பதைப் போலவே இதையும் நான் சமூகநீதிப் போராட்டம் என்றே எண்ணுகிறேன்.

கொடி பிடித்த செவிலியரும் உண்டு. 2012-இல் கேரளத்திலும் சென்னையிலும் தனியார் மருத்துவமனைச் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த சம்பளமும், சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலையை விட்டுப் போகவிடாத வழக்கமும் அதற்குக் காரணங்கள். உச்ச நீதிமன்றம் 2016-இல் இட்ட உத்தரவையடுத்து அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. நம் பகுதியின் சிறு மருத்துவமனைகளில் பணிபுரியும் மகள்களிடம் அத்தொகையைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

அரசுப் பணியிலும் இதே துயரம் வேறு வடிவில் நின்றது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி 2015-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் நியமனம் பெற்றார்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரமாவோம் என்று காத்திருந்தவர்கள், 2017 நவம்பர் 27 அன்று சென்னைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு அமர்ந்தார்கள். சில நாட்களில் உயர் நீதிமன்றத்தின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து பணிக்குத் திரும்பினார்கள். நோயாளியை விட்டுவிட்டுப் போராடலாமா என்று அப்போது சபையிலும் சிலர் கேட்டதுண்டு. அவசரப் பிரிவில் ஒருவர் இல்லாவிட்டால் உயிர் போகும் என்பதால் அது தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று. அந்த உயிருக்கு அவ்வளவு இன்றியமையாதவருக்கு 7,700 ரூபாய் போதுமா என்ற கேள்வியை அதனோடு சேர்த்துக் கேட்டவர்கள் குறைவு.

பின்னர் தொகுப்பூதியம் 14,000 ஆகவும், 18,000 ஆகவும் உயர்ந்தது. கொரோனா காலத்தில் அவசரமாக அழைக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர், நாம் வீட்டுக் கதவுகளை அடைத்திருந்த நாட்களில் கவச உடைக்குள் வியர்த்தபடி வார்டுகளில் நின்றார்கள். அவர்களுள் 2,472 பேருக்கு 2022 டிசம்பர் 31-க்குப் பின் பணி நீட்டிப்பு வழங்கப்படவில்லை. நாம் ஆலயத்தில் புத்தாண்டு ஆராதனைக்காகக் கூடியிருந்த இரவில் அவர்களுடைய வேலை முடிந்தது. ஜனவரியில் அவர்கள் மறுபடியும் வீதிக்கு வந்தார்கள்.