மூக்குக்கும் ஒரு தேர்வு

2020-ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்கள். கோவிட்-19 தொற்று உலகையே முடக்கிப் போட்டிருந்த நேரம். ஈரானின் தலைநகரான தெஹ்ரானில், மசீஹ் தனேஷ்வரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த 60 நோயாளிகளுக்கு ஒரு வினோதமான தேர்வு நடத்தப்பட்டது. பாதுகாப்பு உடை அணிந்த ஒருவர் சிறு புத்தகத்துடன் படுக்கையருகே வருவார். அதிலுள்ள பட்டையைச் சுரண்டினால் ஒரு வாசனை எழும். அது எதன் வாசனை என்று நான்கு விடைகளில் ஒன்றை நோயாளி சொல்ல வேண்டும். இப்படி மொத்தம் 40 வாசனைகள்.

அந்தத் தேர்வின் முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 60 பேரில் 59 பேருக்கு மணம் அறியும் திறன் ஏதோ ஓர் அளவில் குறைந்திருந்தது. அவர்களில் 15 பேருக்கு அது அறவே இல்லை. நோயற்றவர்கள் சராசரியாக 40-க்கு 34 மதிப்பெண் பெற்ற தேர்வில் நோயாளிகள் பெற்றது 21 மட்டுமே. அதைவிட வியப்பு என்னவென்றால், மணமோ சுவையோ குறைந்துவிட்டதாக அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தாமாகச் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குத் தங்கள் மூக்கு கைவிட்டதே தெரியவில்லை!

கண் மங்கினால் எழுத்து தெரியாது. காது மந்தமானால் வீட்டிலுள்ளவர்களே சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். மூக்கின் நிலை அப்படியல்ல. காய்ச்சலும் இருமலுமாகப் படுத்திருப்பவர் குழம்பு மணக்கவில்லை என்பதையா கவனித்துக் கொண்டிருப்பார்? 'வாசனை தெரிகிறதா?' என்று கேட்பது மட்டும் சோதனை ஆகாது என்பதற்குத் தெஹ்ரான் நல்ல சான்று.

மூக்கைச் சோதிக்கும் முயற்சி பழமையானதுதான். கண் பரிசோதனைக்கு நாம் இன்றும் பார்க்கும் எழுத்துப் பலகையை 1862-இல் உருவாக்கியவர் ஹாலந்தைச் சேர்ந்த ஸ்நெல்லன். அதே நாட்டு மருத்துவர் ஸ்வார்டமாக்கர் 1888-இல் மூக்குக்கு ஒரு கருவி செய்தார். கண்ணாடிக் குழாயின் மேல் மணமுள்ள பொருளாலான இன்னொரு குழாயை நகர்த்தி, எவ்வளவு தூரம் நகர்த்தும்போது வாசனை புலப்படுகிறது என்று அளந்தார். ஆனால் கண் பலகை ஊர் ஊராகப் பரவியதுபோல அந்தக் கருவி பரவவில்லை.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துத்தான் எளிய வழி பிறந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டோட்டியும் அவருடைய குழுவினரும் 1984-இல் சுரண்டி முகரும் அந்தப் புத்தகத்தை வெளியிட்டனர். தெஹ்ரானில் பயன்பட்டது அதன் பாரசீக மொழி வடிவமே. இதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. விடை தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே, மூக்கே வேலை செய்யாதவர்கூடக் குருட்டாம்போக்கில் 10 மதிப்பெண் அளவுக்கு வாங்கிவிடுவார். ஒருவர் பூச்சியமோ ஒன்றோ வாங்கினால், இழப்பீட்டுக்காக நடிக்கிறாரோ என்ற சந்தேகம் எழும்!

பிறகு 1997-இல் ஜெர்மனியில், தாமஸ் ஹம்மல் குழுவினர் பேனா வடிவில் ஒரு சோதனையைக் கொண்டு வந்தனர். மை இருக்க வேண்டிய இடத்தில் வாசனை இருக்கும். ஒரு மணம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் தெரிகிறதா, இரண்டு மணங்களைப் பிரித்தறிய முடிகிறதா, பெயர் சொல்ல முடிகிறதா என மூன்றையும் இது தனித்தனியே அளக்கிறது.

பெயர் சொல்வதில்தான் ஒரு சிக்கல். அமெரிக்கப் புத்தகத்தில் 'ரூட் பீர்', 'டில்' ஊறுகாய் போன்ற வாசனைகள் உண்டு. பெலாச்சானையும் பாண்டான் இலையையும் முகர்ந்து வளர்ந்தவர் அதில் தவறினால், குற்றம் மூக்கினுடையதா, கேள்வியினுடையதா? அதனால்தான் ஒவ்வொரு நாடும் தனக்குப் பழகிய வாசனைகளைக் கொண்டு சோதனையைத் திருத்திக் கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டிலேயே சோதிக்கிறோம் என்று தைலப் புட்டியை எடுப்பவர்களும் உண்டு. அது சரியல்ல. மெந்தாலின் குளிர்ச்சியையும் அம்மோனியாவின் காரத்தையும் உணர்த்துவது முகத்தின் தொடு உணர்வுக்குரிய வேறொரு நரம்பு. மணம் அறவே தெரியாதவருக்கும் தைலம் 'சுள்'ளென்று ஏறும்.

சளிக்குப் பின் மணம் போவது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. சாதாரணச் சளி தரும் ஒரு கொரோனா கிருமியை வைத்தே 1995-இல் நுகர்வுச் சோதனை முடிவுகள் வெளிவந்திருந்தன. ஆனால் கோவிட்டில் மூக்கடைப்பே இல்லாமல் மணம் போனது. 2020 மார்ச்சில் பிரிட்டனின் காது, மூக்கு, தொண்டை நிபுணர்கள் எச்சரிக்கை விடுத்தனர். அந்நாட்டு அரசு இதை அதிகாரப்பூர்வ அறிகுறியாகச் சேர்த்தது மே 18-ஆம் நாள்தான். இடைப்பட்ட இரண்டு மாதங்களில், காய்ச்சலோ இருமலோ இல்லாமல் மணம் மட்டும் போனவர்களைத் தனித்திருக்கச் சொல்ல அரசின் பட்டியலில் இடமில்லை.

கிருமி பெரும்பாலும் தாக்குவது மணம் அறியும் நரம்பணுக்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களையே என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. பலருக்கு மணம் விரைவில் திரும்பியதற்கு இது ஒரு விளக்கம். திரும்பாதவர்களுக்கு ஹம்மல் 2009-இலேயே ஒரு பயிற்சியை ஆராய்ந்து வைத்திருந்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும், 12 வாரங்களுக்கு முகர வேண்டும்.

இது வெறும் சுவைப் பிரச்சினையும் அல்ல. சமையல் வாயுவில் நாற்றம் சேர்ப்பதே கசிவை மூக்கு கண்டுபிடிக்கட்டும் என்றுதான். டோட்டியின் 40 வாசனைகளில் எரிவாயுவும் ஒன்று.

தெஹ்ரான் குழுவினர் பிறகு கூடுதல் நோயாளிகளைச் சேர்த்து, அவர்களில் பலரை மீண்டும் சோதித்தனர். ஆறு முதல் எட்டு வாரங்களில் ஏறத்தாழ ஐந்தில் மூவருக்கு மணம் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. மற்றவர்களுக்குக் குறை நீடித்ததும் அதே புத்தகத்தைச் சுரண்டியபோதுதான் தெரிந்தது.